டெஸ்லா வேலையை விட்ட கதை

போன வருஷம் எங்கள் வட்டார இளையோர் வகுப்பில் சுவாமி விவேகானந்தரின் அமெரிக்கப் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1896-ல் நியூயார்க்கில் சுவாமியும் நிக்கோலா டெஸ்லாவும் சந்தித்தார்கள் என்று வகுப்பை நடத்திய அக்கா சொன்னார். அங்கே மின்பொறியியல் படிக்கிறவன் நான் ஒருத்தன்தான். அடுத்த வாரம் டெஸ்லாவைப் பற்றி நீயே பேசு என்று என் தலையில் கட்டிவிட்டார்.

அப்போது எனக்குத் தொழிற்பயிற்சி ஐந்தாவது வாரம். சின்ன மின் குத்தகை நிறுவனம், பெயர் வேண்டாம். எனக்கு வேலை சொல்லித்தர வேண்டிய இஞ்சினியர் நான் சேர்ந்த மூன்றாம் நாளே ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரிடம் கேட்டு வேலை செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. முதல் மாத அலவன்ஸ் வரவில்லை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான்காவது வாரம் ஒரு கட்டு பாரத்தைக் கையில் கொடுத்தார்கள். ஒரு கடைவீட்டில் புதிதாக இழுத்த வயர்களின் இன்சுலேஷன் அளவுகளை எழுத வேண்டிய பாரம். மெக்கர் எங்கே என்று கேட்டேன். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து நம்பரைக் கொஞ்சம் மாற்றிப் போடு என்றார்கள்.

போட்டுக் கொடுத்துவிட்டேன். அதை இங்கே மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து வேலையை விடுவதா வேண்டாமா என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. விட்டால் பன்னிரண்டு வாரத்தையும் வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். படிப்பு முடிய ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும். கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு செமஸ்டர் என்றால் என்ன என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இந்த மனநிலையில்தான் டெஸ்லாவைப் படிக்க உட்கார்ந்தேன்.

டெஸ்லா 1856 ஜூலை 10-ல், இன்றைய குரோஷியாவில் உள்ள ஸ்மில்யான் என்ற கிராமத்தில் ஒரு செர்பியக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா தேவாலய மதகுரு. மகனும் மதகுரு ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்துகொள்கிற கை. மகனுக்குக் காலரா வந்து, பிழைப்பானா என்றே தெரியாமல் கிடந்தபோதுதான், எழுந்து வந்தால் இஞ்சினியரிங் படிக்க அனுப்புகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். டெஸ்லா கேட்ட வாக்குறுதிகளிலேயே ஒழுங்காக நிறைவேறியது இது ஒன்றுதானோ என்று பிறகு எனக்குத் தோன்றியது.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1875-ல் படிக்கச் சேர்ந்தார். அங்கே ஒரு டைனமோவில் கம்யூட்டேட்டரும் பிரஷும் உரசித் தீப்பொறி பறப்பதைப் பார்த்து, இந்தப் பகுதியே இல்லாமல் மோட்டார் செய்ய முடியாதா என்று கேட்டார். முடியவே முடியாது என்று பேராசிரியர் வகுப்பிலேயே விளக்கினார். டெஸ்லா பட்டம் வாங்காமல்தான் அங்கிருந்து வெளியேறினார். சூதாட்டம், கடன், அப்பாவின் மரணம் என்று சில வருஷங்கள் மோசமாகப் போயின. 1882-ல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் நண்பரோடு நடந்துகொண்டிருந்தபோது சுழலும் காந்தப்புலம் என்ற எண்ணம் பிறந்தது. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் படம் போட்டுக் காட்டினார். எங்கள் மூன்றாம் ஆண்டு லேப்பில் இருக்கிற இண்டக்ஷன் மோட்டார் அந்த மண் படத்தின் வாரிசுதான்.

அதே வருஷம் பாரிஸில் எடிசனின் ஐரோப்பிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஸ்ட்ராஸ்பூர் ரயில் நிலையத்துக்கு அந்த நிறுவனம் போட்ட மின்விளக்கு அமைப்பில், திறப்பு விழா நாளில், சக்கரவர்த்தி முதலாம் வில்லியமின் கண் முன்னாலேயே ஷார்ட் சர்க்கிட் ஆகிச் சுவரில் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய டெஸ்லாவை அனுப்பினார்கள். நன்றாக முடித்தால் தனியாகப் பெரிய தொகை தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து முடித்துக் கொடுத்தார். ஓய்ந்த நேரத்தில் தன் முதல் மோட்டாரையும் அங்கேதான் செய்து ஓட்டிப் பார்த்தார். பாரிஸ் திரும்பிப் பணம் கேட்டபோது முதல் அதிகாரி இரண்டாமவரைக் கை காட்டினார், இரண்டாமவர் மூன்றாமவரை, மூன்றாமவர் மறுபடி முதலாமவரை. இதைப் படித்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எங்கள் ஆபீசில் அலவன்ஸ் கேட்டால் அக்கவுண்ட் பார்க்கிற அக்கா எச்.ஆரைக் கேள் என்பார், எச்.ஆர். பாஸைக் கேள் என்பார், பாஸ் அக்கவுண்டில் கேட்டாயா என்பார். நூற்று நாற்பது வருஷமாக அதே வட்டம்.

ஆனால் டெஸ்லா அப்போது எடிசனை விட்டு ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலதிகாரி பேட்சலர் அமெரிக்காவுக்குப் போகச் சொன்னார், போனார். வழியில் பணம் திருட்டுப் போய், 1884 ஜூனில் நியூயார்க்கில் இறங்கியபோது பையில் இருந்தது நான்கு காசு. கோர்க் தெருவில் இருந்த எடிசன் மெஷின் வொர்க்ஸில் சேர்ந்தார். வந்த புதிதிலேயே, ஓரிகன் என்ற கப்பலில் விளக்கு டைனமோக்கள் பழுதாகிக் கப்பல் கிளம்ப முடியாமல் நின்றது. இரவு முழுக்க வேலை செய்து விடியற்காலைக்குள் சரிசெய்துவிட்டார். எடிசனே மெச்சிய ஆள். காலை பத்தரைக்குத் தொடங்கி மறுநாள் விடியற்காலை ஐந்து வரை வேலை செய்ததாகத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நேரக்கணக்கைப் பற்றி அவர் எங்கேயும் புலம்பவில்லை. வேலை அதிகம் என்பது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை போல.

பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. இருபத்து நான்கு வகை டைனமோக்களைப் புதிதாக வடிவமைத்துக் கொடுத்தால் ஐம்பதாயிரம் டாலர் தருவதாக மேலாளர் சொன்னாராம். செய்து கொடுத்தார். பணம் கேட்டால், அது சும்மா தமாஷுக்குச் சொன்னது என்று ஆகிவிட்டது. எடிசனே நேரில் ஏமாற்றியதாக வாட்சாப்பில் சுற்றுகிறதே, அதை அப்படியே நம்ப வேண்டாம். டெஸ்லா 1919-ல் தானே எழுதியபோது மேலாளர் என்றுதான் சொல்கிறார். தொகையையே சந்தேகிக்கிற ஆய்வாளர்களும் உண்டு. ஏறத்தாழ ஆறே மாதம். அவருடைய வேலைக் குறிப்பேட்டில் 1884 டிசம்பர் 7 முதல் 1885 ஜனவரி 4 வரையான பக்கங்களின் குறுக்கே, அந்தப் பட்டறைக்கு விடை சொல்லும் ஒரு வரியைப் பெரிதாகக் கிறுக்கியிருக்கிறார். வேறு விளக்கம் எதுவும் இல்லை.

நாம் பார்க்கிற போஸ்டர்களில் கதை இங்கேயே முடிந்துவிடும். அவமதித்த இடத்தை உதறிவிட்டு நட, உலகம் உன் பின்னால் வரும் என்பது போல. உண்மையில் அடுத்து நடந்தது அதைவிட மோசம்.

நியூ ஜெர்சியின் ராவே ஊரில் இரண்டு முதலீட்டாளர்கள் டெஸ்லாவின் பெயரிலேயே ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அவர் விரும்பியது மாறுமின்னோட்ட மோட்டார்; அவர்களுக்கு வேண்டியது தெருவிளக்கு. சரி என்று ஆர்க் விளக்குகளைச் செய்து, காப்புரிமைகளைக் கம்பெனி பெயருக்கே எழுதிக் கொடுத்தார். விளக்குகள் எரியத் தொடங்கியதும் 1886-ல் அவரைக் கழற்றிவிட்டார்கள். கையில் மிஞ்சியது விலைபோகாத ஒரு பங்குப் பத்திரம். எடிசனிடமிருந்து வெளியே வரும்போது மூளையில் இருந்தது எல்லாம் அவருடையதாகவே இருந்தது. இங்கே கையெழுத்துப் போட்டதால் தான் கண்டுபிடித்த விளக்குகூட அவருடையது இல்லை. எந்த இடத்தை விட்டு வந்தார் என்பதைவிட, வரும்போது எது அவர் கையில் இருந்தது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

அந்தக் குளிர்காலம் டெஸ்லா நியூயார்க்கில் பள்ளம் வெட்டினார். நாள் கூலி இரண்டு டாலர். வயது முப்பது. படித்த படிப்பே தன்னைக் கேலி செய்வது போல இருந்ததாம். நான் பொறுமையாகப் படித்தது இந்தப் பகுதியைத்தான். அவர் பள்ளம் வெட்டுவார் என்று தெரிந்திருந்தால் டிசம்பரில் அந்த வரியைக் கிறுக்கியிருப்பாரா? கிறுக்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ராவேயில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசித்திருப்பார்.

பள்ளம் வெட்டிய இடத்து ஃபோர்மன்தான் வெஸ்டர்ன் யூனியனில் இருந்த ஆல்ஃபிரட் பிரவுனிடம் அவரைச் சேர்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள். பிரவுனும் பெக் என்ற வழக்கறிஞரும் பணம் போட, 1887 ஏப்ரலில் புதுக் கம்பெனி. 1888 மே மாதம் மோட்டாருக்குக் காப்புரிமை கிடைத்தது. சில வாரத்தில் வெஸ்டிங்ஹவுஸ் உரிமம் வாங்கினார். அதன்பிறகு நடந்தது நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 1893-ல் சிக்காகோ கண்காட்சி மாறுமின்னோட்டத்தில் ஒளிர்ந்தது. அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வசமய மாநாட்டில்தான் நம் சுவாமி பேசினார். 1896 நவம்பரில் நயாகராவின் மின்சாரம் பஃபலோ நகரத்துக்குப் போனது.

அதே வருஷம் பிப்ரவரியில்தான் அக்கா சொன்ன சந்திப்பு. பிராணன், ஆகாசம் பற்றிய வேதாந்தக் கருத்து டெஸ்லாவைக் கவர்ந்தது, சக்தியும் பொருளும் ஒன்றாக ஒடுங்குவதைக் கணிதத்தில் காட்ட முடியும் என்று அவர் நம்புகிறார் என்று சுவாமி ஒரு கடிதத்தில் எழுதினார். டெஸ்லா அந்தக் கணிதத்தைக் காட்டவில்லை. வேதாந்தத்தை டெஸ்லா நிரூபித்துவிட்டார் என்று நம்மவர்கள் மேடையில் பேசும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். செய்யாத சோதனைக்கு ரிப்போர்ட் எழுதுவது போலத்தானே அதுவும்.

பிற்காலம் வறுமைதான். 1917-ல் அமெரிக்க மின்பொறியாளர் கழகம் அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. பதக்கத்தின் பெயர் எடிசன் பதக்கம். 1943 ஜனவரி 7-ல் நியூயார்க்கின் ஒரு ஹோட்டல் அறையில் தனியாக இறந்தார். 1960-ல் காந்தப்புல அடர்த்தியின் அலகுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

வகுப்பில் இதையெல்லாம் பேசினேன், பாரம் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. இரவு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். ஒரு செமஸ்டர் போகுமே தம்பி என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த வயர் யார் வீட்டுக்குப் போகிறது என்று கேட்டார். கீழே கடை, மேலே ஒரு குடும்பம் குடிவரப் போகிறது என்றேன். அம்மா அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

சனிக்கிழமை, பேட்ச்மேட் ஒருத்தன் பயிற்சி செய்யும் கம்பெனியில் கேட்டு ஒரு மெக்கரை இரவல் வாங்கினேன். சைட்டில் இருந்த வயர்மேன் அங்கிள் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார். மின்சாரம் இன்னும் கொடுக்காத கட்டடம், அதனால் வேலை சுலபம். பதினேழு சர்க்கிட். 500 வோல்ட்டில் குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும். பதினாறு தேறியது. மேல்மாடி வாட்டர் ஹீட்டர் லைன் 0.2 காட்டியது. நான் அதற்கு எழுதிக் கொடுத்திருந்த நம்பர் 200.

திங்கட்கிழமை உண்மையான அளவுகளைப் புதுப் பாரத்தில் எழுதி, பழையதைக் கேட்டு வாங்கிக் கிழித்தேன். பாஸ் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே சரி என்றார். அந்த லைனை அங்கிள் அன்றைக்கே மாற்றிப் போட்டார். மறுநாள் என் மேற்பார்வை விரிவுரையாளருக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, ராஜினாமாக் கடிதத்தையும் இணைத்து அனுப்பினேன். அலவன்ஸ் இன்றுவரை வரவில்லை.

என் பேட்ச் போன மாதம் பட்டமளிப்பு விழாப் படங்களைப் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் லைக் போட்டேன். எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கிறது. புது இடத்தில் நாளையோடு ஏழாவது வாரம்.