கையடங்கும் கருவி கண்ட பர்னாக்

சுருங்கிய அளவுக்குள் விரிந்த பொருளை அடக்கிக் காட்டுவது கவிஞர்க்கு மட்டுமே உரிய கலையன்று. உலோகத்தை அராவி உருவாக்கும் தொழிலாளர்க்கும் அக்கலை வாய்ப்பதுண்டு. அவ்வாறு வாய்க்கப் பெற்றவர்களுள் தலையாயவர், செருமானியக் கருவி வல்லுநர் ஓஸ்கார் பர்னாக்.

பிராண்டன்பர்க் பகுதியின் லூனோ என்னும் சிற்றூரில் 1879 நவம்பர் 1 ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையில் இயந்திரத் தொழில் பயின்று, 1902 இல் யேனா நகரத்துச் சைஸ் நிறுவனத்தில் பணியேற்றார். ஓய்வு நாள்களில் துரிங்கியக் காடுகளில் நடந்து படமெடுப்பதே அவருக்குப் பேரின்பம். ஆயின் அந்நாளையக் கேமரா ஒரு பெட்டிச் சுமை. கண்ணாடித் தகடுகளும் முக்காலியும் அதனுடன் சேரும். பர்னாக்கோ ஆஸ்துமாவால் அல்லலுற்றவர். காட்சி கண்முன் விரிந்து கிடக்க, அதைப் பதிக்கும் கருவியைச் சுமக்க மூச்சு இடந்தரவில்லை. பெரிய படம் பெறப் பெரிய தகடுதான் வேண்டுமா? சிறிதாகப் பதித்துப் பின்னர்ப் பெரிதாக்கினால் ஆகாதா? இந்த வினா அவர் நெஞ்சில் வேரூன்றியது.

1911 இல், நுண்ணோக்கிகளுக்குப் பெயர்பெற்ற வெட்ஸ்லர் நகரத்து எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்திற்கு அவர் மாறினார். அங்கே திரைப்படக் கருவிகளோடு பழகியதில் வினாவுக்கு விடை கிடைத்தது. 35 மி.மீ. அகலமுள்ள திரைப்படச் சுருளில் ஒரு சட்டத்தின் அளவு 18க்கு 24 மி.மீ. பர்னாக் சுருளைக் குறுக்கே ஓடவிட்டு, இரு சட்டங்களின் இடத்தை ஒன்றாக்கினார். 24க்கு 36 மி.மீ. என்னும் அளவு இவ்வாறு அமைந்தது. சுருளை நகர்த்தும் திருகே ஷட்டரையும் ஆயத்தமாக்கியதால், ஒரு படத்தின்மேல் மற்றொன்று பதிவது தவிர்ந்தது. 1914 இல் உருப்பெற்ற அந்த முன்மாதிரி உள்ளங்கையில் அடங்கியது. குறையும் இருந்தது: சுருளை நகர்த்தும்போது ஒளி புகாமலிருக்க லென்சை மூடியால் மறைக்கவேண்டும்.

அவ்வாண்டே உலகப் போர் மூண்டது. வெட்ஸ்லர் வீதியில் படைதிரட்டும் ஆணை ஒட்டப்பட்ட காட்சியை அச்சிறு கருவி பதிந்தது. 1920 இல் அந்நகரில் பெருகிய வெள்ளத்தையும் பதிந்தது. ஆனால் கருவி கடைக்கு வரவில்லை. போரும் அதன்பின் வந்த பணவீக்கமும் குறுக்கே நின்றன. பர்னாக் சோர்ந்திலர், திருத்திக்கொண்டே இருந்தார். சின்னஞ்சிறு படம் பெரிதாகும்போது சிதையாதிருக்க வேண்டிய நுண்மையான லென்சை, உடன் பணியாற்றிய மாக்ஸ் பெரெக் வகுத்தளித்தார். 1923 இல் ஏறத்தாழ 25 கருவிகள் சோதனைக்காகச் செய்யப்பட்டன. கருத்துகள் பிளவுபட்டன, சந்தையில் எடுபடுமோ என ஐயுற்றோர் பலர். நிறுவனத் தலைவர் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் 1924 இல் துணிந்து ஒப்புதல் தந்தார். தொழிலாளர்க்கு வேலை அருகியிருந்த காலம் அது. துணிவு பொய்த்திருப்பின் இழப்புப் பெரிதாகியிருக்கும். 1925 இல் லைப்சிக் சந்தையில் ‘லைக்கா’ அரங்கேறியது. லைட்ஸ், கேமரா என்னும் இரு சொற்களின் முதலெழுத்துகள் இணைந்த பெயர் அது. ஷட்டரும் அதற்குள் திருந்தியிருந்தது. மூடியின் தொல்லை ஒழிந்தது.

லென்சை மாற்றிப் பொருத்தும் வசதி 1930 இலும், தொலைவளக்கும் அமைப்பு 1932 இலும் கூடின. 1936 சனவரி 16 ஆம் நாள் பர்னாக் மறைந்தார். அதற்குள் படக்கலைஞர் முக்காலியை விட்டுத் தெருவில் இறங்கியிருந்தனர். பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் அக்கருவியைத் தம் கண்ணின் நீட்சியாகவே கொண்டார். 1948 இல் காந்தியடிகளின் இறுதி நாள்களை உலகம் காணச்செய்தவர் அவரே.

சோதனைக் கருவிகளுள் பர்னாக் தாமே கையாண்ட 105 ஆம் எண்ணுடையது, 2022 இல் வெட்ஸ்லரில் 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. விலை வியப்பளிக்கலாம், அவர் பெருமைக்கு அது அளவுகோலன்று. தம் உடலின் குறையைப் பழித்து ஓயாமல், அவ்வுடல் சுமக்கக்கூடிய எடைக்குக் கருவியை இறக்கிக்கொண்டார். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கினார். எஞ்சியதைப் பத்தாண்டுக்கு மேலாகச் செப்பம் செய்தார். சொல்லைச் செதுக்கும் நமக்கு அவ்வாழ்வு அயலானதன்று.