பி. எஃப். ஸ்கின்னர்

பர்ரஸ் பிரெடரிக் ஸ்கின்னர் (மார்ச் 20, 1904 - ஆகஸ்ட் 18, 1990) ஓர் அமெரிக்க உளவியலாளர் ஆவார். நடத்தையியல் கொள்கையின் முதன்மைச் சிந்தனையாளர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சி பெறுவோர் இவரைச் செயல்படு ஆக்கநிலையிறுத்தல் கோட்பாட்டின் வழியாக அறிவர். பறவை கண்ணாடியில் தன்னை அடையாளம் காணுமா என்னும் வினாவையொட்டி 1981 இல் இவர் பங்கேற்ற புறாச் சோதனை இன்றும் விவாதிக்கப்படுகிறது.

வாழ்க்கை

ஸ்கின்னர் பென்சில்வேனியா மாநிலத்தின் சஸ்குவெஹானா என்னும் சிற்றூரில் வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஹாமில்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். எழுத்தாளராக முயன்று, அதில் வெற்றி காணாமல் உளவியலுக்குத் திரும்பினார். 1931 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் மினசோட்டா, இந்தியானா பல்கலைக்கழகங்களில் பணியாற்றி, 1948 இல் ஹார்வர்டுக்குத் திரும்பினார்.

புறாக்கள்

தொடக்கத்தில் எலிகளையே ஆய்வுக்குப் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது, ஏவுகணையின் முனையில் அமர்ந்து இலக்கின் உருவத்தைக் கொத்தி அதற்கு வழிகாட்டப் புறாக்களைப் பழக்கினார். மினியாபொலிஸ் நகர மாவு ஆலை ஒன்றில் நடந்த இத்திட்டம் 1944 இல் கைவிடப்பட்டது. அதிகாரிகள் இதை நகைப்புடன் நோக்கியதில் வியப்பில்லை. ஆயினும் அதன் பின் புறாவே இவரது முதன்மை ஆய்வு உயிரினமாயிற்று. வட சென்னையின் மொட்டை மாடிகளில் பந்தயத்திற்கென வளர்க்கப்படும் புறாக்களும் இதே இனத்தைச் சேர்ந்தவையே.

1948 இல் வெளியிட்ட ஆய்வில், புறா என்ன செய்தாலும் குறித்த இடைவெளியில் தானியம் கிடைக்கும்படி அமைத்தார். உணவு வந்த வேளையில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த அசைவையே பல புறாக்கள் திரும்பத் திரும்பச் செய்தன. ஒன்று கூண்டினுள் சுற்றிச் சுற்றி வந்தது. ஸ்கின்னர் இதனை மூடநம்பிக்கைக்கு ஒப்பிட்டார்.

கண்ணாடிச் சோதனை

1970 இல் கோர்டன் கேலப் என்னும் உளவியலாளர், மயக்கநிலையில் இருந்த சிம்பன்சிகளின் முகத்தில் சாயக் குறியிட்டு, விழித்தபின் கண்ணாடியைக் காட்டினார். அவை கண்ணாடியைத் தொடாமல் தம் முகத்தையே தொட்டன. குரங்குகள் அவ்வாறு செய்யவில்லை. சிம்பன்சிக்குத் தன்னுணர்வு உண்டு என்பது கேலப்பின் முடிவு.

உள்ளத்தினுள் இருப்பதாகக் கூறப்படும் ஒன்றை நடத்தைக்குக் காரணமாகக் காட்டுவதை ஸ்கின்னர் ஏற்பவர் அல்லர். ராபர்ட் எப்ஸ்டைன், ராபர்ட் லான்சா ஆகியோருடன் சேர்ந்து இவர் இதே வகைச் சோதனையைப் புறாக்களில் நடத்தினார். முதலில், தம் உடலில் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் ஒட்டிய நீலப் புள்ளிகளைக் கொத்துவதற்குப் பழக்கினர். அடுத்து, கண்ணாடியில் மட்டும் தோன்றி மறையும் புள்ளியைக் கண்டு, திரும்பி அது இருந்த உண்மையான இடத்தைக் கொத்தவும் பழக்கினர். இறுதியாக மார்பில் ஒரு புள்ளி ஒட்டப்பட்டது. கழுத்தில் கட்டிய சிறு மேலாடை அதனைப் பறவையின் நேர்ப்பார்வையிலிருந்து மறைத்தது. கண்ணாடியில் மட்டுமே புள்ளி தெரிந்தது. புறாக்கள் தலையைத் தாழ்த்தி, மேலாடையில் அப்புள்ளி இருந்த இடத்தை நோக்கிக் கொத்தின.

புறாவுக்குத் தன்னுணர்வு உண்டு என்று நிறுவுவது இவர்களின் நோக்கமன்று. சிம்பன்சியின் செயலையும் கற்றறிந்த நடத்தைகளின் தொகுப்பாக விளக்க இயலும் என்பதே வாதம். பயிற்சியின்றித் தானே செய்வதும் பழக்கியபின் செய்வதும் ஒன்றாகா என்று எதிர்ப்பாளர்கள் கூறினர். இம்மறுப்பு வலுவானதே. எனினும், குறியைத் தொடுவது மட்டும் தன்னுணர்வுக்குச் சான்றாகாது என்ற ஐயம் அதனால் நீங்கிவிடவில்லை.

விமர்சனமும் இறுதிக்காலமும்

மொழியும் நடத்தையே என்று வாதிட்ட இவரது 1957 ஆம் ஆண்டு நூலை நோம் சோம்ஸ்கி 1959 இல் கடுமையாக விமர்சித்தார். ஸ்கின்னர் 1990 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்க உளவியல் சங்கத்தில் வாழ்நாள் சாதனைக்காகப் பாராட்டப்பெற்று உரையாற்றினார். எட்டு நாட்களில் இரத்தப் புற்றுநோயால் காலமானார்.

பிற்கால ஆய்வுகள்

2008 இல் செருமானிய ஆய்வாளர்கள், மேக்பை என்னும் காக்கைக் குடும்பப் பறவைகளுள் சில, பயிற்சியின்றியே அலகின் கீழ் ஒட்டிய வண்ணக் குறியை நீக்க முயன்றதாக அறிவித்தனர். 2020 இல் ஸ்பெயினில் அதே இனத்தில் மீண்டும் செய்தபோது அம்முடிவு கிடைக்கவில்லை. புறாச் சோதனையோ ஜப்பானிய ஆய்வாளர்களால் 2014 இல் வெற்றியுடன் மீண்டும் செய்யப்பட்டது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு முதல் வீட்டு முற்றம் வரை எங்கும் காணப்படும் வீட்டுக் காகத்தை, அரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மைய ஆய்வாளர்கள் இவ்வகையில் சோதித்து 2021 இல் முடிவை வெளியிட்டனர். ஒரு காகமும் கண்ணாடியைக் கண்டு தன் உடலில் இருந்த குறியை நாடவில்லை.