வங்கி கண்ட வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குவோர் இராஜாஜி சாலையில் இந்தியன் வங்கியின் பெரிய கட்டடத்தைக் காணலாம். ஒரு காலத்தில் அங்கே ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேயக் கம்பெனி இருந்தது. அது வங்கித் தொழிலும் செய்தது. நல்ல வட்டி கிடைக்குமென்று நம்பி ஓய்வு பெற்றோரும் விதவைகளும் வாழ்நாள் சேமிப்பை அங்கே போட்டு வைத்திருந்தனர். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அக்கம்பெனி திவாலாயிற்று. எத்தனையோ குடும்பங்கள் ஒரே நாளில் நிர்க்கதியாயின.

பணம் இழந்தோருக்காக நீதிமன்றத்தில் வாதாட முன்வந்தவர் கிருஷ்ணசாமி ஐயர். இவர் 1863இல் தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் பிறந்தவர். கும்பகோணத்திலும் சென்னையிலும் பயின்று வக்கீலாகிப் பெரும்புகழ் பெற்றவர். கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. ஆனால் தண்டனையால் போன பணம் திரும்புமா? நம்மவர் பணத்தை நம்மவரே காக்க ஒரு வங்கி வேண்டும் என்று ஐயர் துணிந்தார். வங்கி என்றாலே மக்கள் அஞ்சி நடுங்கிய வேளை அது! நகரப் பெருமக்களையும் செட்டிநாட்டுத் தனவந்தரையும் கூட்டிப் பேசிப் பங்கு சேர்த்தார். 1907 மார்ச்சில் பதிவாகிய இந்தியன் வங்கி, அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல் அலுவலைத் தொடங்கியது. சரியாக நாற்பது ஆண்டு கழித்து அந்நாளே நம் சுதந்திர நாளானது ஓர் இனிய பொருத்தம். ஆர்பத்நாட் இருந்த இடத்தையே இவ்வங்கி பின்னர் வாங்கியது.

அரசியலில் ஐயர் காங்கிரஸ் மிதவாதி, கோகலேயைப் போற்றியவர். பாரதியாரோ எதிரணியில் நின்று மிதவாதிகளைத் தம் பத்திரிகையில் காரசாரமாகத் தாக்கியவர். ஆயினும் ஜி. ஏ. நடேசன் அழைத்து வர, பாரதியார் பாடக் கேட்ட ஐயர் மனமுருகி, அப்பாடல்களைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். எதிர்க்கட்சிக்காரரின் பாட்டை இப்படி அச்சிடுவோர் எந்தக் காலத்திலும் சிலரே.

மயிலாப்பூரில் இவர் நிறுவிய சமஸ்கிருதக் கல்லூரியும் வேங்கடரமணா ஆயுர்வேத மருத்துவசாலையும் பலருக்கும் பயன்பட்டன. 1909இல் உயர்நீதிமன்ற நீதிபதியாகவும், 1911இல் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினராகவும் உயர்ந்தார். அப்பதவியில் ஓராண்டுகூட நிறையவில்லை. 1911 டிசம்பர் 28ஆம் நாள், 48ஆவது வயதில் காலமானார். சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தின் முன் அவரது சிலை நிற்கிறது.