பாக்கெட்டில் ரிவால்வர், எதிரே பனிமலை: தனியாக ஊர் சுற்றிய இசபெல்லா பேர்டுக்குத் துப்பாக்கி உதவியதா?

1873. அமெரிக்காவின் டென்வர் நகரம். கடைக்குள் வரும் குள்ளமான ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் பாக்கெட்டிலிருந்து பளபளவென்று ரிவால்வரின் குழல் எட்டிப் பார்க்கிறது. மறைத்து வைக்கத்தான் அதைப் பாக்கெட்டில் போட்டார். ஆனால் அது மறையவே மாட்டேன் என்கிறது.

அவர் பெயர் இசபெல்லா பேர்ட். வயது 42. உயரம் ஐந்து அடிகூட இல்லை. அந்தப் பயணத்தில் ராக்கி மலைகளில் மட்டும் சுமார் 800 மைல், அதாவது கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டர் குதிரையில் சுற்றினார், பெரும்பகுதி தனியாகவே.

இன்று சோலோ டிராவல், ட்ரெக்கிங் என்று பேச்சு வந்தாலே, 'பாதுகாப்புக்கு என்ன எடுத்துட்டுப் போற?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். அதிலும் பெண்களிடம்தான் அதிகமாகக் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே சொந்த அனுபவத்தில் விடை தேடியவர் இவர்.

யார் இந்த இசபெல்லா?

1831-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர். அப்பா பாதிரியார். சின்ன வயதிலிருந்தே முதுகுத்தண்டில் கோளாறு. 1850-ல் முதுகெலும்பு அருகே இருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். வலி முழுசாகப் போகவில்லை. கடல் பயணம் போனால் உடம்பு தேறும் என்றார் மருத்துவர். 1854-ல் அப்பா 100 பவுண்டு கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். வீட்டில் படுத்தே கிடந்தவர், வெளியூர் போனதும் எழுந்து உட்கார்ந்தார். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க இதே கதைதான்: வீட்டில் இருந்தால் நோய், பயணம் கிளம்பினால் குணம்.

அந்த ரிவால்வர் என்ன ஆனது?

தங்கை ஹென்ரியட்டாவுக்கு எழுதிய கடிதங்களில் அந்தத் துப்பாக்கியைப் பற்றி நிறையவே புலம்பியிருக்கிறார். தங்கும் வீடுகளில் குழந்தைகள் அதை விளையாட்டுச் சாமான் மாதிரி வெளியே இழுத்திருக்கிறார்கள். ஆணியில் உடையை மாட்டினால், துப்பாக்கியின் கனத்தில் உடையோடு சேர்ந்து கீழே விழுந்திருக்கிறது. இத்தனைக்கும் குண்டு நிரப்பிய துப்பாக்கி அது! அந்தக் காலத்து ரிவால்வர்கள் பலவற்றில் இன்றைய பாதுகாப்பு அமைப்புகள் கிடையாது. சுத்தியல் பகுதிக்கு நேரே குண்டு இருந்து, கை தவறி விழுந்தால் தானாகவே வெடிக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறைகளில் ஒன்றைக் காலியாக விட்டே எடுத்துப் போவார்கள்.

தேர்வு செய்வதிலும் சிக்கல் உண்டு. 1873-ல் வந்த கோல்ட் ராணுவ ரிவால்வர் போன்றவை அடித்தால் நன்றாக அடிக்கும். ஆனால் எடை ஒரு கிலோ அளவுக்கு வரும், அதைப் பாக்கெட்டில் ஒளிக்க முடியாது. ஒளிக்கக்கூடிய சின்னத் துப்பாக்கியோ கொஞ்சம் தள்ளிப் போனாலே குறி தவறும், கரடி வந்தால் உதவாது. இன்றும் இதை வாங்குகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இதே கணக்கில்தான்.

ஹால்ஸ் கல்ச் என்ற சுரங்க முகாமில் ஒரு ராத்திரி. சட்டத்தைக் கையில் எடுத்து ஆட்களைத் தூக்கில் போடும் கும்பல்கள் இருந்த காலம். இசபெல்லாவுக்குப் பயம். ரிவால்வரைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்தார். விடிய விடிய விழித்திருப்பது என்று முடிவு செய்து படுத்தவர், அடுத்த நொடியே தூங்கிப்போனார். கூரை வழியாக வெயில் முகத்தில் அடித்தபோதுதான் விழித்தார். தன் பயத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டு, இனி துப்பாக்கியே வேண்டாம் என்று எழுதினார்.

ஆயுதம் வைத்திருந்தவர்களின் கதையும் அவர் கண் முன்னால் இருந்தது. 14,259 அடி உயர லாங்ஸ் பீக் சிகரத்துக்கு அவரைக் கூட்டிப்போன ஜிம் நுஜென்ட், கரடி தாக்கி ஒரு கண்ணை இழந்தவர். இடுப்பில் கத்தியும் கோட்டில் ரிவால்வரும் இல்லாமல் இருக்கமாட்டார். 1874-ல் பக்கத்துப் பண்ணைக்காரர் சுட்டதில், சில மாதங்களில் இறந்துபோனார்.

அப்படியானால் சபதத்தைக் காப்பாற்றினாரா?

இல்லை. கணவர் ஜான் பிஷப் 1886-ல் இறந்த பிறகு, 1889-ல் இந்தியா வந்தார். ஸ்ரீநகரில் கணவர் பெயரிலும் அமிர்தசரஸில் தங்கை பெயரிலும் மருத்துவமனைகள் உருவாகக் காரணமாக இருந்தார். லடாக்கில் ஷியோக் ஆற்றைக் கடக்கும்போது குதிரை கவிழ்ந்து தண்ணீருக்குள் போனார், விலா எலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டு பாக்தாத்திலிருந்து தெஹ்ரானுக்கு நடுக்குளிரில் கிளம்பியபோது ரிவால்வர் மீண்டும் கூடவே வந்தது. மருந்துப்பெட்டியும் வந்தது. வழியெல்லாம் நோயாளிகள் கூட்டம் மொய்த்ததால், வேலை அதிகம் கொடுத்தது அந்தப் பெட்டிதான்.

துப்பாக்கி தேவைப்பட்ட ஒரே தருணம் என்றால், 1896-ல் சீனாவின் லியாங்ஷானைச் சொல்லலாம். அந்நியப் பேய் என்று கத்திக்கொண்டு ஒரு கும்பல் அவரைச் சூழ்ந்தது. அறைக்குள் புகுந்து கதவைத் தாழிட்டு, ரிவால்வரோடு உட்கார்ந்தார். உள்ளே வந்தால் காலில் சுடுவது என்று திட்டம். வெளியே தீ வைக்கப் பார்த்தார்கள். கடைசி நேரத்தில் சிப்பாய்கள் வந்து காப்பாற்றினார்கள். அந்தக் கூட்டத்தை ஒரு ரிவால்வர் எவ்வளவு நேரம் தடுத்திருக்கும்? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த அறைக்குள் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லவும் எனக்கு மனசு வராது.

அவர் பிழைத்த ஆபத்துகளைப் பட்டியல் போட்டால் ஆறு, குளிர், பனி, கல்வீச்சு, தீ என்று போகிறது. இதில் பாதிக்கு மேல் மனிதர்களால் வந்ததே இல்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

லாங்ஸ் பீக் இப்போது ராக்கி மலை தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 2010 பிப்ரவரி முதல் அமெரிக்க தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டுத் துப்பாக்கி கொண்டுபோகலாம். இந்தியாவில் கதையே வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். உரிமமே இருந்தாலும், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய முடியாது.

1892-ல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட பெண் உறுப்பினர்களில் இசபெல்லாவும் ஒருவர். மறு ஆண்டே கதவை மூடிவிட்டார்கள், 1913 வரை புதிதாகப் பெண்களைச் சேர்க்கவில்லை. அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. 70 வயதை ஒட்டி மொராக்கோ போய்வந்தார். 1904 அக்டோபரில் எடின்பரோவில் இறந்தபோது, மறுபடியும் சீனாவுக்குப் போகக் கட்டிவைத்த பெட்டிகள் தயாராக இருந்தன.