அன்னி பெசன்ட்டும் ஓர் இரவு முகாமும்

சென்ற வாரம் வாலாஜாபாதில் எங்கள் தெருவைச் சேர்ந்த முதிய நெசவாளர் ஒருவர் கையில் ஒரு படிவத்துடன் வந்தார். அவருடைய பேரன் பள்ளிச் சாரணர் குழுவில் இருக்கிறான். ஓர் இரவு முகாமுக்கு அழைத்துச் செல்கிறார்களாம். வீட்டாரின் ஒப்புதல் வேண்டும். தம் சிறுவயதில் இப்படியொரு வாய்ப்பு வந்தபோது தந்தை அனுப்பவில்லை என்றார். காரணம் எனக்கு விளங்கியது. கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். கரைப்பக்கம் நாடா எறியும் துணைக்கை ஒரு நாள் இல்லாவிட்டாலும் தறி நின்றுவிடும். ஓர் இரவின் விலை அன்று அந்த வீட்டின் கூலி.

முகாம் என்றதும் பேடன் பவலைத்தான் எல்லோரும் நினைப்பர். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூடாரத்தில் தங்கவைத்தவர் அவர். ஆனால் 1909-இல் பெங்களூரில் தொடங்கிய சாரணர் குழு ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கானது. இந்தியச் சிறுவர்களுக்கு அங்கே இடமில்லை. அந்த நிலையை எதிர்த்துச் சென்னையிலிருந்து செயல்பட்டவர் அன்னி பெசன்ட் அம்மையார்.

1847 அக்டோபர் 1 அன்று லண்டனில் பிறந்தவர். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். இருபது வயதில் ஒரு பாதிரியாரை மணந்தார். சமய நம்பிக்கை தளர்ந்தது, 1873-இல் மணவாழ்வு முறிந்தது. குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலை பிராட்லாவுடன் சேர்ந்து மறுபதிப்புச் செய்ததற்காக 1877-இல் வழக்கைச் சந்தித்தார். அதன் தொடர்ச்சியாக, தம்முடன் இருந்த மகளையும் நீதிமன்றத்தில் இழந்தார். பெற்ற மகளை வளர்க்கத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்ட ஒருவர், பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கல்விக்குப் பொறுப்பேற்றார்.

பொருளியல் படித்தவன் என்பதால் எனக்கு 1888-ஆம் ஆண்டின் பெசன்ட்மீது தனி ஈடுபாடு உண்டு. லண்டன் தீப்பெட்டி ஆலையொன்றில் பாஸ்பரஸ் நச்சுக்கிடையே வேலை செய்த பெண்களின் கூலியையும், அதிலிருந்து பிடிக்கப்பட்ட அபராதத்தையும் கணக்கிட்டு எழுதினார். சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். அபராதங்கள் நீங்கின. நச்சுப் படாத தனி இடத்தில் உண்ணும் உரிமையும் கிடைத்தது.

1889-இல் பிரம்மஞான சபையில் சேர்ந்து, 1893-இல் இந்தியா வந்தார். 1898-இல் காசியில் இந்துக் கல்லூரி, 1907 முதல் அடையாறில் சபைத் தலைமை, 1914-இல் நியூ இந்தியா நாளிதழ், 1916-இல் தன்னாட்சி இயக்கம். 1917 ஜூனில் அரசு அவரைக் காவலில் வைத்தது. எதிர்ப்பு பெருகவே செப்டம்பரில் விடுவித்தது. அவ்வாண்டு இறுதியில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை ஏற்றார். இந்தக் கொந்தளிப்புக்கு நடுவேதான் அருண்டேலுடன் இணைந்து இந்தியச் சாரணர் சங்கத்தை அமைத்தார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் நம் பாட்டு. 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அச்சங்கம் அவருடைய அமைப்போடு இணைந்தது. கதவு திறந்தது.

இத்துடன் நிறுத்தினால் அது பாதி வரலாறு. 1909-இல் அம்மையார் எழுதிய ஒரு கட்டுரையில், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை உடனடியாக மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கலாகாது என்று தூய்மையைக் காரணம் காட்டி வாதிட்டார். பிற்காலத்தில் அம்பேத்கர் இதை எடுத்துக்காட்டிக் கண்டித்தார். அதே அடையாறில் 1894-லேயே ஆல்காட் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கியிருந்தார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளையர் கூடாரத்துக்கு வெளியே நின்ற பிள்ளையைக் கண்ட கண்ணுக்கு, நம் வகுப்பறைக்கு வெளியே நின்ற பிள்ளை ஏன் வேறாகத் தெரிந்தது?

இதைக் கேட்க எனக்கு முழுத் தகுதி இல்லை. இளம் விரிவுரையாளனாக இருந்தபோது மாணவர்களைப் பாலாற்றங்கரை மாந்தோப்பு ஒன்றில் ஓர் இரவு தங்கவைத்தேன். இருட்டியதும் அவர்கள் இரண்டு அடுப்பு மூட்டினார்கள். எந்த அடுப்பைச் சுற்றி யார் அமர்ந்தார்கள் என்பதைக் கண்டேன், காரணமும் புரிந்தது. கேட்டால் முகாம் கலைந்துவிடுமோ என்று அஞ்சிப் பேசாதிருந்தேன். இரண்டாம் அடுப்பருகே இருந்த ஒரு மாணவன் இரவு முழுதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரே அடுப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நால்வர் வரவில்லை. அந்த மாணவனும் வரவில்லை.

1932-இல் பேடன் பவல் அம்மையாருக்கு வெள்ளி ஓநாய் விருது அளித்தார். மறு ஆண்டு செப்டம்பர் 20 அன்று அடையாறில் அவர் மறைந்தார்.

பெரியவர் என் திண்ணையிலேயே படிவத்தில் கையொப்பமிட்டார். முகாமில் எத்தனை அடுப்பு என்று ஆசிரியரிடம் கேட்டுவருமாறு பேரனிடம் சொல்லியிருக்கிறேன்.