கை அழுகலை, வலிதான் காணோம்!

படாளத்துல இருந்து செங்கல்பட்டுக்குத் தினமும் பஸ் ஏறுறீங்களா? செங்கல்பட்டு பக்கத்துல திருமணியில ஒரு தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? உலகம் ரொம்ப நாளா நம்பின ஒரு தப்பு உடைய ஆரம்பிச்சது அந்த இடத்துலதான். உடைச்சவர் டாக்டர் பால் பிராண்ட்.

1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். அங்கே முதலில் கத்துக்கிட்டது மருத்துவம் இல்லை. கட்டட வேலையும் தச்சு வேலையும். அப்புறம்தான் லண்டனில் படிச்சு சர்ஜன் ஆனார். 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார்.

1947-ல் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைத் திருமணி தொழுநோய் மருத்துவமனைக்கு அழைச்சிட்டு வந்தார். விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியோட கையைப் பிடிச்சுப் பார்த்தார் பிராண்ட். அந்தப் பிடியில இவருக்கே வலிச்சது! அப்போ கை மொத்தமா சாகலை. சில நரம்புகள்தான் போயிருக்கு, முன்கைத் தசை பலமா இருக்கு. நல்லா இருக்கிற தசையோட நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாத்திக் கட்டினார். மடங்கின கைகள் மறுபடி பொருளைப் பிடிச்சது.

தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழும்னுதான் எல்லாரும் நம்பினாங்க. நோயாளிகளை ஊரே ஒதுக்கி வச்சது. பிராண்ட் ஒவ்வொரு காயமா விசாரிச்சார். சூடான பாத்திரம், ஆணி, ராத்திரியில கடிக்கிற எலி! வலி தெரியாததால அவங்க கையை இழுக்கலை, அவ்வளவுதான். எலிக்குப் பூனை வளர்க்கச் சொன்னார். பாதத்துக்கு மெத்துனு ரப்பர் செருப்பு உருவாக்கினாங்க, அவரும் அவர் குழுவும். 1966-ல் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். 2003-ல் காலமானார்.

ஆனா கிருமி நரம்பை எப்படிக் கெடுக்குது? அதைப் பார்க்கிறதுதான் கஷ்டம். 1873-ல் கண்டுபிடிச்ச இந்தக் கிருமியை இன்னைக்கு வரைக்கும் லேப் தட்டில் தனியா வளர்க்க முடியலை. 1960-ல் எலியின் பாதத்திலும், 1971-ல் ஆர்மடில்லோ என்ற விலங்கிலும் வளர்த்தாங்க. 2013-ல் எடின்பரோவில் அனுர ரம்புக்கன குழு எலி செல்களில் ஒரு ஆச்சரியத்தைப் பார்த்தது: நரம்பைச் சுத்தியிருக்கிற செல்களை இந்தக் கிருமி ஸ்டெம் செல் மாதிரி மாத்திடுது! அந்த செல்கள் வழியா உடம்புல பரவவும் செய்யுது.

ஆனா எலி நரம்பு வேற, மனுஷ நரம்பு வேற இல்லையா? இங்கதான் ஸ்டெம் செல் மாடல் வருது. 2007-ல் யமனாகா குழு மனிதத் தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக மாத்திக் காட்டினாங்க. இன்னைக்கு அதிலிருந்து மனித நரம்பு செல்களைத் தட்டில் வளர்க்கலாம். நோயாளியைத் தொடாமலே நோயையும் முதுமையையும் படிக்கலாம்.

பிராண்ட் கையைச் சரிசெஞ்சார். செத்த நரம்பு அவர் கையால திரும்பலை. அந்த மிச்ச வேலைக்கு டாக்டர் மட்டும் போதாது. தட்டு, சென்சார், மைக்ராஸ்கோப் எல்லாம் செய்யுற ஆள் வேணும். அது நம்ம டிபார்ட்மெண்ட் தானே?