துணை தேடிய குடிகாரர் பில் வில்சன்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள அக்ரன் நகரம் டயர்த் தொழிலுக்குப் பேர்போனது. 1935-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி சனிக்கிழமை, அங்குள்ள மேபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் ஒருவர் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தார். வந்த காரியம் தோற்றுப்போயிற்று. கையிலோ சொற்பப் பணம். கூடத்தின் ஒரு கோடியில் மது அருந்தும் அறை. உள்ளே சிரிப்பும் பேச்சும். மறு கோடியில் டெலிபோன். அவர் குடியை விட்டு ஐந்து மாதந்தான் ஆகியிருந்தது.

அவர்தான் பில் வில்சன். வெர்மான்ட் மாநிலத்தின் ஈஸ்ட் டார்செட் என்ற சிற்றூரில் 1895 நவம்பர் 26-ல் பிறந்தவர். பிறந்த இடமும் ஒரு ஓட்டலில், மதுக்கூடத்துக்குப் பின்புற அறைதான்! பெற்றோர் பிரிந்துவிடவே, தாயைப் பெற்ற பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தார். முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியாக இருந்தபோது, ஒரு விருந்தில் முதல் கோப்பையைத் தொட்டார். கூச்சம் போயிற்று, குடி வந்து ஒட்டிக்கொண்டது.

1918-ல் லோயிஸ் என்ற பெண்ணை மணந்தார். இரவுக் கல்லூரியில் சட்டம் படித்தும் பட்டம் வாங்கவில்லை. நியூயார்க் பங்குச் சந்தையில் நன்றாகவே சம்பாதித்தார். 1929-ல் சந்தை சரிந்ததும் எல்லாம் போயிற்று. லோயிஸ் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காத்தார். அந்தச் சம்பளமும் மதுவுக்குப் போனது. சம்பள நாளில் வாசலையே பார்த்துக் காத்திருக்கும் பெண்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நியூயார்க்கின் டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் நான்கு முறை சேர்க்கப்பட்டார். அங்கிருந்த டாக்டர் சில்க்வொர்த், குடிவெறி ஒழுக்கக்கேடு அல்ல, ஒரு நோய் என்று கூறிவந்தவர். குடியை நிறுத்தியிருந்த எபி என்ற பழைய நண்பரும் தேடி வந்து பேசினார். 1934 டிசம்பர் 11-க்குப் பிறகு பில் குடிக்கவில்லை.

அடுத்த ஐந்து மாதம் குடிகாரர்களைத் தேடித் தேடி உபதேசம் செய்தார். ஒருவரும் திருந்தவில்லை. ஆனால், அலைந்த அவர் மட்டும் குடிக்காமல் இருந்தார். இதைக் கவனித்துச் சொன்னவர் லோயிஸ்தான். உபதேசத்தைக் குறைத்து நோயைப் பற்றிப் பேசும்படி டாக்டரும் யோசனை கூறினார்.

அக்ரன் ஓட்டலில் அந்தச் சனிக்கிழமை பில்லுக்கு இதெல்லாம் நினைவுக்கு வந்தது. தான் தப்பிக்க வேண்டுமானால் இன்னொரு குடிகாரரோடு பேசியாக வேண்டும். முன்பின் தெரியாத ஊரில் யாரைக் கேட்பது? சுவரில் இருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாருக்குப் போன் செய்தார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொருவராக அழைத்ததில் கடைசியில் ஹென்றியெட்டா சைபர்லிங் என்ற அம்மாளிடம் வந்து நின்றது. அந்த அம்மாளுக்கு ஒரு குடிகாரரைத் தெரியும். அவர் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் பாப் ஸ்மித். அன்றைக்கு டாக்டரும் நிதானத்தில் இல்லை. அதனால் சந்திப்பு மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று.

ஞாயிறு மாலை 5 மணிக்கு டாக்டர் வந்தார். கால் மணி நேரந்தான் இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தவர், இரவு 11 மணிக்கு மேல்தான் எழுந்தார். பில் புத்திமதி சொல்லவில்லை. தான் எப்படிக் குடித்தார், எப்படிக் கெட்டார் என்று தன் கதையையே சொன்னார்.

டாக்டர் இடையில் ஒருமுறை வழுக்கி விழுந்தார். மீண்டு வந்தபின் அறுவைச் சிகிச்சைக்குப் போகும் காலையில், கை நடுக்கம் நிற்பதற்காகப் பில்லே ஒரு பாட்டில் பீர் கொடுத்தார். அதுவே டாக்டரின் கடைசிக் குடி. அந்த நாளைத்தான், அதாவது 1935 ஜூன் 10-ஐ, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. தம் பெயரை வெளியிடாத குடிநோயாளிகள் என்று அதற்குப் பொருள்.

நியூயார்க் திரும்பிய பில், புரூக்ளினில் கிளிண்டன் தெருவிலிருந்த வீட்டிலேயே செவ்வாய் மாலைகளில் கூட்டம் நடத்தினார். 1939-ல் இயக்கத்தின் நூல் வந்தது. அதே ஆண்டு வீடு கையைவிட்டுப் போனது. கணவனும் மனைவியும் நண்பர்கள் வீடுகளில் ஒண்டினார்கள். 1941-ல் ஒரு வாரப் பத்திரிகைக் கட்டுரை வந்தபின், 2,000 பேராக இருந்த உறுப்பினர்கள் ஆண்டு முடிவில் 8,000 ஆனார்கள்.

கூட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை போதும். செலவுக்கு உண்டியல் சுற்றி வரும்; விரும்பியவர் போடலாம். முதல் நாள் சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். இந்தியாவில் 1957-ல் கூட்டங்கள் தொடங்கின. மும்பை, பெங்களூர் போன்ற ஊர்களில் தமிழில் பேசும் குழுக்களும் உண்டு. தேவாலயக் கூடம், பள்ளி வகுப்பறை என்று கிடைத்த இடத்தில் கூடுவார்கள். இயக்கத்தின் டெலிபோனிலோ, ஆஸ்பத்திரியில் குடிநோய்ப் பிரிவிலோ கேட்டால் இடமும் நேரமும் சொல்வார்கள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர்கள் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரை முதலில் பார்ப்பது அவசியம்.

பில் மகானாக வாழ்ந்தவர் அல்ல. பல ஆண்டுகள் மனச்சோர்வில் வாடினார். மதுவை விட்டாரே தவிர சிகரெட்டை விடப் பெரும்பாடு பட்டார்; நுரையீரல் கெட்டது. 1954-ல் யேல் பல்கலைக்கழகம் தர முன்வந்த கௌரவப் பட்டத்தை, பெயர் வெளியிடாத கொள்கைக்காக மறுத்தார். கடைசி நாட்களில் படுக்கையில் விஸ்கி கேட்டதாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். கொடுக்கப்படவில்லை.

1971 ஜனவரி 24-ல், தம் திருமண நாளிலேயே, மயாமி நகரில் காலமானார். ஈஸ்ட் டார்செட்டில் உள்ள கல்லறைக் கல்லில் இயக்கத்தின் பெயர் இல்லை. தேடி வருகிறவர்கள், தாங்கள் குடிக்காமல் இருந்த காலத்துக்காகக் கூட்டத்தில் பெற்ற வில்லைகளை அங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள்.